ரேம், ஸ்டோரேஜ், ஃபைல்: கம்ப்யூட்டரின் அடிப்படையை ஒரு சின்ன ஃபைலை வைத்துப் புரிந்துகொள்வது

கேள்வி இதுதான்: "256 ஜிபி மெமரி உள்ள லேப்டாப் வாங்கினேன். திறந்து பார்த்தால் 238 ஜிபிதான் காட்டுகிறது. அதிலும் பாதிக்கு மேல் காலி. அப்படியும் அடிக்கடி 'மெமரி போதவில்லை' என்று வந்து நின்றுவிடுகிறது. போட்டோ, வீடியோ எல்லாவற்றையும் அழித்துப் பார்த்தும் பயனில்லை. ரேம், ஸ்டோரேஜ், ஃபைல், பைட் எதுவுமே சரியாகப் பிடிபடவில்லை. அடிப்படையிலிருந்து விளக்க முடியுமா?"

நேரடியான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். 256 ஜிபி என்பது உங்கள் லேப்டாப்பின் ஸ்டோரேஜ். 'மெமரி போதவில்லை' என்ற செய்தி வருவது ரேமைப் பற்றி. இரண்டும் வேறு வேறு பாகங்கள். ஸ்டோரேஜில் இருக்கும் போட்டோக்களை அழித்தால் ஸ்டோரேஜில்தான் இடம் கிடைக்கும், ரேமில் கிடைக்காது. 238 என்று காட்டுவதும் குறைபாடு அல்ல, கணக்கிடும் முறையில் உள்ள வித்தியாசம். அதைக் கீழே விளக்குகிறேன்.

புதிதாகக் கற்பவர்களுக்கு வரும் குழப்பங்களில் பெரும்பாலானவை ஒரே கேள்வியில் தீர்ந்துவிடும்: நான் பார்த்துக்கொண்டிருக்கும் இந்தத் தகவல் இப்போது எங்கே இருக்கிறது? ரேமிலா, டிஸ்க்கிலா, பென் டிரைவிலா, இணையத்தில் வேறொரு கம்ப்யூட்டரிலா? இதைக் கேட்கும் பழக்கம் வந்துவிட்டால் சொற்களைத் தனியாக மனப்பாடம் செய்யவே தேவையில்லை.

கம்ப்யூட்டருக்குள் வேலை நடப்பது மூன்று பாகங்களுக்கு இடையில். புராசஸர் கணக்கிடுகிறது. அது கணக்கிட வேண்டிய தகவலும், எப்படிக் கணக்கிட வேண்டும் என்ற கட்டளைகளும் ரேமில் இருக்க வேண்டும். மின்சாரம் இல்லாத நேரத்திலும் அழியாமல் இருக்க வேண்டியவை ஸ்டோரேஜில் இருக்கும். அந்த ஸ்டோரேஜ் பழைய இயந்திரங்களில் சுழலும் ஹார்ட் டிஸ்க், புதியவற்றில் பெரும்பாலும் சுழலும் பாகம் எதுவும் இல்லாத எஸ்எஸ்டி. ஒரு நிரலை (புரோகிராமை) திறக்கிறீர்கள் என்றால், ஸ்டோரேஜிலிருந்து அதன் பிரதி ஒன்று ரேமுக்கு வருகிறது. புராசஸர் அந்தப் பிரதியை வைத்துத்தான் வேலை செய்கிறது.

எல்லாவற்றையும் ஸ்டோரேஜிலேயே வைத்து வேலை செய்தால் என்ன என்று தோன்றலாம். வேகம்தான் காரணம். ரேமில் ஒரு தகவலை எடுக்க ஆகும் நேரம் சுமார் 100 நானோ விநாடி. எஸ்எஸ்டியில் அதைப்போல் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு ஆகும். ஹார்ட் டிஸ்க்கில் தட்டு சுழன்று, ஊசி சரியான இடத்துக்கு நகர்ந்து போய்ப் படிக்க வேண்டியிருப்பதால் லட்சம் மடங்கு வரை போகும். இந்த வேகத்துக்கு ரேம் கொடுக்கும் விலை, அதற்கு நிலையான ஞாபகம் கிடையாது என்பது. ரேமில் ஒவ்வொரு பிட்டும் ஒரு மிகச் சிறிய மின்தேக்கியில் உள்ள மின்னேற்றம். அது கசிந்துகொண்டே இருக்கும். அதனால் வழக்கமாக 64 மில்லி விநாடிக்கு ஒருமுறை எல்லாவற்றையும் படித்துத் திரும்ப எழுத வேண்டியிருக்கிறது. மின்சாரம் போனால் அந்தப் புதுப்பித்தல் நின்றுவிடும், உள்ளே இருந்ததும் போய்விடும்.

இதைக் கண்ணால் பார்த்துவிடலாம். விண்டோஸில் நோட்பேடைத் திறந்து, யூனிகோட் கீபோர்டில் 'அம்மா' என்று மட்டும் தட்டுங்கள். திரையில் தெரிகிறது, ஆனால் இப்போது அது ரேமில் மட்டும்தான் இருக்கிறது. மேலே ஃபைல் பெயர் இருக்கும் இடத்தில் ஒரு நட்சத்திரக் குறியோ புள்ளியோ தெரியும். 'இது இன்னும் டிஸ்க்குக்குப் போகவில்லை' என்பதற்கான அடையாளம் அது. கன்ட்ரோல் விசையைப் பிடித்துக்கொண்டு எஸ் தட்டி, டெஸ்க்டாப்பில் 'சோதனை' என்ற பெயரில் சேவ் செய்யுங்கள். குறி மறைந்துவிடும். ரேமில் இருந்ததன் பிரதி ஒன்று ஸ்டோரேஜில் எழுதப்பட்டுவிட்டது. சேவ் என்றால் இவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நீங்கள் தட்டும் ஒவ்வொரு எழுத்தும் மறுபடி ரேமில்தான் சேரும். ஒருமுறை சேவ் செய்துவிட்டோமே என்று இரண்டு மணி நேரம் தொடர்ந்து எழுதி, கரண்ட் போனதும் எல்லாம் போய்விட்டதே என்று வருந்துகிறவர்கள் உண்டு. போனது கடைசி சேவுக்குப் பிறகு எழுதியது மட்டும். இப்போது பல நிரல்கள் இடையிடையே தாமாகவே சேமித்துக்கொள்கின்றன. ஆனால் எல்லா நிரலும் அப்படிச் செய்வதில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கன்ட்ரோல் எஸ் தட்டும் பழக்கம் கைக்கே வந்துவிட வேண்டும்.

இனி அந்த ஃபைலின் மேல் வலது கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ் என்பதைத் திறந்து, சைஸ் என்ன என்று பாருங்கள். 15 பைட் என்று இருக்கும். மூன்றே எழுத்துக்கு 15 எப்படி?

பிட் என்பது 0 அல்லது 1. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஒரு பைட்டில் 256 வெவ்வேறு மதிப்புகளைக் குறிக்க முடியும். ஆங்கில எழுத்துகளுக்கு அதுவே போதும், எழுத்துக்கு ஒரு பைட். உலக மொழிகள் அனைத்துக்கும் எண் கொடுக்கும் யூனிகோட் முறையில், யுடிஎஃப்-8 என்ற வடிவத்தில் சேமிக்கும்போது தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட் எடுக்கும். 'அம்மா' என்பது கம்ப்யூட்டருக்கு அ, ம, புள்ளி, ம, துணைக்கால் என ஐந்து குறியீடுகள். ஐந்து மூன்று பதினைந்து. முடிவில் ஒருமுறை என்டர் தட்டி சேவ் செய்தால் 17 ஆகும். வரி முடிந்ததைக் குறிக்க விண்டோஸ் இரண்டு பைட் எழுதுகிறது. (கீழே சைஸ் ஆன் டிஸ்க் என்று வேறொரு எண் தெரியும். டிஸ்க் தன் இடத்தை, பெரும்பாலும் 4096 பைட் கொண்ட துண்டுகளாகப் பிரித்துக் கொடுப்பதால் வருவது அது. இப்போதைக்கு அதை விட்டுவிடலாம்.)

கம்ப்யூட்டரின் பார்வையில் ஃபைல் என்றால் ஒரு பெயரும், அந்தப் பெயருக்குக் கீழே வரிசையாக உள்ள பைட்டுகளும், அவ்வளவே. பாட்டு, படம், கடிதம் எல்லாமே எண்களின் வரிசைதான். அந்த எண்களை எப்படி வாசிப்பது என்று நிரலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பழைய தமிழ் எழுத்துருக்களில் தட்டிய ஆவணத்தை இன்று திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகத் தெரிவது இதனால்தான். அந்த ஃபைல் கெட்டுப்போகவில்லை. ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களின் மேல் தமிழ் வடிவங்களை ஏற்றிவைத்த முறை அது. அந்த எழுத்துருவை நிறுவினாலோ யூனிகோடுக்கு மாற்றும் கருவியில் கொடுத்தாலோ எழுத்து திரும்பிவரும்.

பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பின்னால் வரும் பகுதிக்கு எக்ஸ்டென்ஷன் என்று பெயர். ஃபைலை எந்த நிரலிடம் ஒப்படைப்பது என்று ஆபரேட்டிங் சிஸ்டம் (கம்ப்யூட்டர் முழுவதையும் நிர்வகிக்கும் விண்டோஸ் போன்ற நிரல்) அதைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது. அதை மாற்றினால் உள்ளே இருக்கும் பைட்டுகள் மாறாது. வேர்டு ஆவணத்தின் பெயரில் கடைசிப் பகுதியை அழித்து பிடிஎஃப் என்று எழுதினால், பிடிஎஃப் திறக்கும் நிரல் அதை வாசிக்கத் தெரியாமல் 'ஃபைல் சேதமடைந்துள்ளது' என்று சொல்லும். பெயரைப் பழையபடி மாற்றினால் மீண்டும் திறக்கும். உண்மையில் பிடிஎஃப் வேண்டுமென்றால் வேர்டுக்குள்ளேயே சேவ் ஆஸ் போய், வகையில் பிடிஎஃப் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

விண்டோஸ் இந்தக் கடைசிப் பகுதியை வழக்கமாக மறைத்துவைக்கிறது. அதைத் தெரியும்படி மாற்றிவைப்பதுதான் புதிய கம்ப்யூட்டரில் செய்ய வேண்டிய முதல் வேலை என்பேன். ஃபைல் எக்ஸ்புளோரரில் வியூ பட்டியலைத் திறந்து ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் 11 என்றால் வியூவுக்குள் ஷோ என்ற பகுதியில் இருக்கும். மின்னஞ்சலில் வரும் 'பில்.பிடிஎஃப்' என்ற ஃபைலின் முழுப்பெயர் 'பில்.பிடிஎஃப்.எக்ஸ்இ' என்று இருந்தால், அது ஆவணம் அல்ல, இயக்கினால் ஓடும் நிரல். மறைத்துவைத்த நிலையில் கடைசி மூன்று எழுத்து கண்ணில் படாது. தீங்கு செய்யும் நிரல்கள் உள்ளே நுழையும் பழைய வழிகளில் இது ஒன்று.

இப்போது 238-க்கு வருவோம். ஸ்டோரேஜ் தயாரிப்பவர்கள் ஜிபி என்பதை நூறு கோடி பைட் என்று கணக்கிடுகிறார்கள். 256 ஜிபி என்றால் 25,600 கோடி பைட். விண்டோஸ் அதே பைட்டுகளை 1024 x 1024 x 1024, அதாவது 107,37,41,824 பைட் கொண்ட அலகால் வகுக்கிறது. வகுத்தால் 238.4 வரும். ஆனால் அதற்கும் ஜிபி என்றே பெயர் போடுகிறது. 500 ஜிபி டிஸ்க் 465 என்றும், 1 டிபி டிஸ்க் 931 என்றும் தெரிவது இந்தக் காரணத்தால்தான். பைட் ஒன்றுகூடக் குறையவில்லை. மேக் கம்ப்யூட்டர்கள் 2009 முதல் 1000 கணக்கிலேயே காட்டுவதால் அங்கே இந்தக் குழப்பம் இல்லை. ரேமின் அளவு மட்டும் எப்போதும் 1024 கணக்கிலேயே சொல்லப்படும்.

இதே மாதிரி இன்னொரு இடம் இணைய வேகம். அங்கே சொல்லும் 100 எம்பிபிஎஸ் என்பது விநாடிக்கு 100 மெகா பிட், மெகா பைட் அல்ல. எட்டால் வகுத்தால் விநாடிக்கு 12.5 மெகா பைட். 1 ஜிபி ஃபைலை இறக்க, எந்தத் தடங்கலும் இல்லாவிட்டாலும் 80 விநாடி ஆகும். பத்து விநாடியில் வரவில்லையே என்று இணைப்பைக் குறைசொல்வதற்கு முன்னால் இந்த வகுத்தலைச் செய்துவிடுங்கள்.

மெமரி பிரச்சினையைக் கண்டறிய கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்துத் தட்டுங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போய் மெமரி என்பதைத் தேர்ந்தெடுங்கள். உங்களிடம் எவ்வளவு ரேம் இருக்கிறது, இந்த நொடியில் எவ்வளவு பயன்பாட்டில் இருக்கிறது என்று தெரியும். 8 ஜிபி ரேம் உள்ள இயந்திரத்தில் 7.7 என்பது போலக் காட்டினால் பதற வேண்டாம். திரையில் தெரிவதை வரையும் சிப்புக்காக ஒரு பகுதி ஒதுக்கிவைக்கப்பட்டிருக்கும்.

பயன்பாடு 90 விழுக்காட்டைத் தாண்டி அங்கேயே நின்றால், உண்மையிலேயே ரேம் நெருக்கடி. அப்போது ஆபரேட்டிங் சிஸ்டம் என்ன செய்கிறது என்றால், ரேமில் இப்போதைக்குத் தேவைப்படாத பகுதிகளை டிஸ்க்கில் ஒரு தனி ஃபைலில் எழுதிவைத்துவிட்டு, தேவைப்படும்போது திரும்ப எடுத்துவருகிறது. பேஜ் ஃபைல் என்பது அதுதான். மேலே சொன்ன வேக வித்தியாசத்தை நினைத்துப் பாருங்கள். ரேமில் நடக்க வேண்டிய வேலை டிஸ்க்குக்கும் ரேமுக்கும் இடையே அலைய ஆரம்பித்தால் கம்ப்யூட்டர் இழுத்துக்கொண்டு நிற்கும். ஹார்ட் டிஸ்க் உள்ள இயந்திரம் என்றால் மவுஸ் நகர்வதே தடுமாறும். பேஜ் ஃபைலும் பெருக முடியாத நிலை வரும்போதுதான் 'மெமரி போதவில்லை' என்ற செய்தி. ஆகவே சி டிரைவ் நிரம்பி வழிந்தாலும் இந்தச் செய்தி வரலாம். போட்டோவை அழித்தால் பலன் கிடைக்கும் ஒரே சூழ்நிலை அது. உங்களுக்குப் பாதிக்கு மேல் காலி என்கிறீர்கள், எனவே அது காரணம் அல்ல.

செய்ய வேண்டியது: டாஸ்க் மேனேஜரில் புராசஸஸ் பகுதிக்குப் போய், மெமரி என்ற தலைப்பின் மேல் கிளிக் செய்யுங்கள். அதிகம் எடுப்பது மேலே வந்து நிற்கும். பெரும்பாலும் அது பிரவுசராகவே இருக்கும். திறந்துவைத்த ஒவ்வொரு டேபும் ரேம் கேட்கும். இருபது முப்பது டேபை மூடினாலே நிலைமை மாறுவது கண்ணுக்குத் தெரியும். அடுத்து ஸ்டார்ட்அப் பகுதியைப் பாருங்கள். கம்ப்யூட்டர் இயங்கத் தொடங்கும்போதே தானாகத் திறந்து உட்கார்ந்துகொள்ளும் நிரல்களின் பட்டியல் அங்கே இருக்கும். தேவையில்லாதவற்றை டிசேபிள் செய்தால் அவை அழிந்துவிடாது. நீங்கள் திறக்கும்போது மட்டும் திறக்கும்.

இதற்குப் பிறகும் அன்றாட வேலையிலேயே 90-ஐத் தொட்டால் ரேம் கூட்டுவதுதான் வழி. அதே மெமரி பக்கத்தில் ஸ்லாட்ஸ் யூஸ்ட் என்ற வரியில் '1 ஆஃப் 2' என்று இருந்தால், பெரும்பாலும் இன்னொன்றைச் செருக இடம் இருக்கிறது. சில மெல்லிய லேப்டாப்களில் ரேம் போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும், அவற்றில் கூட்டவே முடியாது. இந்த வரியை மட்டும் நம்பாமல் லேப்டாப் மாடலின் கையேட்டையும் பார்த்துவிடுங்கள். வாங்கும்போது வகையும் பொருந்த வேண்டும். டிடிஆர்4 ரேம் டிடிஆர்5 ஸ்லாட்டில் நுழையாது, இரண்டிலும் வெட்டு இருக்கும் இடம் வேறு. லேப்டாப்புக்கும் டெஸ்க்டாப்புக்கும் நீளமும் வேறு.

ஃபைலுக்குத் திரும்புவோம். 'சோதனை' ஃபைலைப் பென் டிரைவில் காப்பி, பேஸ்ட் செய்தால் 15 பைட்டும் அங்கே மறுபடி எழுதப்படும். இனி அவை இரண்டு தனி ஃபைல்கள். ஒன்றைத் திருத்தினால் மற்றொன்று மாறாது. ஷார்ட்கட் அப்படியல்ல. படத்தின் மூலையில் வளைந்த அம்புக்குறி இருந்தால் அது ஃபைல் இல்லை, 'உண்மையான ஃபைல் இந்த இடத்தில் இருக்கிறது' என்ற முகவரி. ஒன்றிரண்டு கேபி மட்டுமே இருக்கும். டெஸ்க்டாப்பில் உள்ள ஷார்ட்கட்டைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு போய் வேறு கம்ப்யூட்டரில் திறக்க முடியாமல் தவிப்பது மிகச் சாதாரணமாக நடக்கிறது. எடுத்துப் போவதற்கு முன் சைஸைப் பாருங்கள். நாற்பது பக்க ஆவணம் 2 கேபி என்று காட்டினால் நீங்கள் எடுத்தது முகவரியை மட்டும்.

பென் டிரைவ் தொடர்பாக இன்னொன்று. 'இடம் இருக்கிறது, ஆனால் ஃபைல் மிகப் பெரியது' என்று மறுத்தால், அது ஃபேட்32 முறையில் ஃபார்மட் ஆகியிருக்கிறது என்று பொருள். அந்த முறை ஒரு ஃபைலின் அளவை 32 பிட் எண்ணில் எழுதுவதால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைலை ஏற்காது. உள்ளே இருப்பவற்றை வேறு இடத்தில் எடுத்துவைத்துவிட்டு எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்தால் சரியாகிவிடும். எடுத்துவைக்காமல் செய்தால் உள்ளே இருப்பது போய்விடும்.

டெலீட் செய்வது பற்றிச் சற்று நிதானமாகப் புரிந்துகொள்ள வேண்டும், இழப்பு நேர்வது இங்கேதான். சி டிரைவில் உள்ள ஃபைலை டெலீட் செய்தால் ரீசைக்கிள் பின்னுக்குப் போகும், இன்னும் அதே டிஸ்க்கில்தான் இருக்கும், அது பிடித்த இடமும் காலியாகாது. ஹார்ட் டிஸ்க்கில் பின்னைக் காலி செய்யும்போதும், பென் டிரைவில் டெலீட் செய்யும்போதும், அந்தப் பெயர் மட்டும் பதிவேட்டிலிருந்து எடுக்கப்படும். பைட்டுகள் வேறு ஏதாவது அவற்றின் மேல் எழுதப்படும்வரை அங்கேயே கிடக்கும். தவறுதலாக அழித்ததை மீட்டெடுக்க முடிவது இதனால்தான். அப்படி அழித்துவிட்டால் அந்த டிஸ்க்கில் ஒரு ஃபைலைக்கூடப் புதிதாக எழுதாமல் நிறுத்திவிட வேண்டும், மீட்கும் நிரலையும் அதில் நிறுவக் கூடாது. எஸ்எஸ்டி இப்படி அல்ல. காலியான இடங்கள் எவை என்று ஆபரேட்டிங் சிஸ்டம் அதற்கு உடனே தெரிவித்துவிடுவதால், அது தானே அவற்றைத் துடைத்துவிடுகிறது. அதில் மீட்கும் வாய்ப்பு மிகக் குறைவு. பென் டிரைவில் அழித்தால் வழக்கமாக ரீசைக்கிள் பின்னுக்கே போகாது, நேராகப் போய்விடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கிளவுட் என்றால் இணையத்தில் வேறொருவரின் கம்ப்யூட்டரில் உள்ள ஸ்டோரேஜ். அங்கே வைத்தால் பத்திரம் என்று பலரும் நினைக்கிறார்கள், பாதி சரி. கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் போன்றவை பெரும்பாலும் செய்வது சிங்க், அதாவது இரு பக்கத்தையும் ஒரே மாதிரி வைத்திருப்பது. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். அங்குள்ள குப்பைத் தொட்டியில் சில காலம் இருக்கும், பிறகு போய்விடும். பேக்கப் என்பது ஒரு பக்கம் அழிந்தாலும் மறு பக்கம் அழியாத தனிப் பிரதி. முக்கியமானவற்றுக்கு மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில் என்ற கணக்கு நல்ல கணக்கு.

வைஃபை, இன்டர்நெட், பிரவுசர் பற்றிச் சுருக்கமாக. வைஃபை உங்கள் லேப்டாப்புக்கும் ரூட்டருக்கும் இடையில் உள்ள கம்பியில்லா இணைப்பு மட்டுமே. ரூட்டரிலிருந்து வெளியே போகும் பாதை தனி. வைஃபை குறி முழுதாக இருந்தும் எதுவும் திறக்கவில்லை என்றால் பெரும்பாலும் இரண்டாவது பாதையில்தான் கோளாறு, லேப்டாப்பை மாற்றிப் பயனில்லை. குரோம், ஃபயர்ஃபாக்ஸ் போன்றவை பிரவுசர்கள், உங்கள் இயந்திரத்தில் ஓடும் நிரல்கள். கூகுள் தேடல் அந்த நிரலில் திறக்கும் ஓர் இணையதளம்.

கடைசியாக, கம்ப்யூட்டர் விநோதமாக நடந்துகொண்டால் ஷட்டவுன் செய்து திரும்பப் போடுவதைவிட ரீஸ்டார்ட் கொடுப்பது மேல். விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி பல இயந்திரங்களில் இயக்கத்தில் இருக்கிறது. அது ஷட்டவுன் செய்யும்போது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி ரேமில் இருந்த நிலையை டிஸ்க்கில் எழுதிவைத்து, அடுத்த முறை அதையே ரேமில் ஏற்றுகிறது. கோளாறு அந்தப் பகுதியில் இருந்தால் அதுவும் கூடவே திரும்பி வரும். ரீஸ்டார்ட் செய்யும்போது எல்லாம் முதலிலிருந்து ஏற்றப்படும். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சிபியூவை (அதாவது புராசஸரை) தேர்ந்தெடுத்தால் அப்டைம் என்று ஒரு வரி இருக்கும். தினமும் ஷட்டவுன் செய்கிறவர்களுக்கும் அதில் பல நாள் கணக்கு தெரிவது இதனால்தான். இன்று டேப்களை மூடி, ஸ்டார்ட்அப் பட்டியலைக் குறைத்த பிறகு ஒருமுறை ரீஸ்டார்ட் கொடுத்து, மெமரி விழுக்காடு எவ்வளவில் நிற்கிறது என்று பாருங்கள். ரேம் வாங்க வேண்டுமா வேண்டாமா என்பதை அந்த எண்ணை வைத்து முடிவு செய்யலாம்.